கிக்பாக்ஸிங்குக்கு முன்னாடி மல்யுத்தம் கத்துக்கணுமா?

நிழற்குத்து:

வயசு 28. இதுவரைக்கும் எந்தச் சண்டைக் கலையும் கத்துக்கிட்டதில்லை. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ பக்கம் போகணும்னு ஆசை, அமெச்சூர் அளவுக்குப் போனாலே போதும். வாரத்துக்கு மூணு நாள், தடவைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும். முதல் வருஷத்தை மல்யுத்தத்துக்கே கொடுத்துடு, மத்ததெல்லாம் அதுமேல தானா வந்து உட்காரும்னு நிறைய பேர் சொல்றாங்க. ஏன்னு கேட்டா "அடித்தளம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க.

அந்த அடித்தளம் என்னன்னு யாராவது பிரிச்சுச் சொல்லுங்க. முதல் ஆறு மாசத்துல எதுல கை வைக்கணும்? பின்னால குத்து, உதை கத்துக்கும்போது குறுக்கே வந்து நிக்கிற பழக்கம் ஏதாவது ஒட்டிக்குமா? முழங்காலுக்கு என்ன ஆகும்ங்கிறதும் ஒரு பயம்.

இடுப்புப்பூட்டு:

மல்யுத்தம் தர்ற பெரிய விஷயம் ஒண்ணுதான்: சண்டை நின்னுக்கிட்டு நடக்கணுமா, தரையில நடக்கணுமான்னு நீங்க முடிவு பண்ணலாம். அது தெரியாதவர் எவ்வளவு நல்லா குத்தினாலும், எதிராளி காலைப் பிடிச்ச நிமிஷத்துல அவர் போடற கணக்குக்கு ஆடணும். சக் லிடெல் கல்லூரியில மல்யுத்தம் பண்ணினவர். யுஎஃப்சிங்கற பெரிய எம்எம்ஏ போட்டியில அந்த வித்தையை அவர் பெரும்பாலும் யாரையும் தள்ளப் பயன்படுத்தலை, தான் விழாம நின்னு குத்தறதுக்குத்தான் பயன்படுத்தினார்.

இரண்டாவது, பயிற்சி நடக்கிற விதம். தலையில அடி வாங்காம முழு பலத்தோட, முழு எதிர்ப்போட வாரம் மூணு நாள் மோதலாம். குத்துச்சண்டையில முழு வேக ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) அப்படி அடிக்கடி வைக்க முடியாது, மூளை தாங்காது. எதிர்க்கிற உடம்பை நகர்த்தற பழக்கம் சீக்கிரம் வர்றதுக்கு இதுதான் காரணம்.

ஒரு விஷயம் கவனிங்க. கிரேக்கோ-ரோமன்ங்கற மல்யுத்த வகையில இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலாலயும் தாக்கக் கூடாது. க்ளிஞ்ச்சுக்கும் (நின்னுக்கிட்டே கட்டிப் பிடிக்கறதுக்கும்) தூக்கிப் போடறதுக்கும் அது அருமையான பள்ளிக்கூடம். ஆனா காலைப் பிடிக்கவும் காலைக் காப்பாத்தவும் கத்துக்கணும்னா ஃப்ரீஸ்டைல்தான். உங்களுக்கு ஃப்ரீஸ்டைல் வகுப்பைத் தேடுங்க.

முதல் ரெண்டு மாசம் நாலே விஷயம் போதும்: நிலை, கைச்சண்டை (பிடிக்காக ரெண்டு பேர் கையும் மோதறது), டபுள் லெக் (ரெண்டு காலையும் பிடிச்சு வீழ்த்தறது), ஸ்ப்ரால் (காலைப் பிடிக்க வர்றவர் மேல, காலைப் பின்னால எறிஞ்சு இடுப்பை இறக்கறது). நிலைன்னா முழங்கால் மடங்கி, முதுகு நேரா, முழங்கை விலாவோட ஒட்டி, கண் எதிராளியோட நெஞ்சுல. குனியணும்னா முழங்காலையும் இடுப்பையும் மடக்கி இறங்கணும், முதுகை வளைச்சு இல்லை. முதுகை வளைச்சுத் தலையை நீட்டறவர் தன் பிடரியைத் தட்டுல வச்சு நீட்டற மாதிரி. ஒரு இழுப்பு இழுத்தா மூஞ்சி மேட்ல (பயிற்சி விரிப்புல).

டபுள் லெக்ல அவசரம்தான் எதிரி. கை நீட்டினா அவர் தோள் தொடற தூரம் வந்தாத்தான் உள்ளே போகணும். முதல்ல உயரத்தைக் குறைக்கணும், அப்புறம்தான் அடி எடுத்து வைக்கணும். முன்கால் அவரோட ரெண்டு பாதத்துக்கும் நடுவுல, அவர் இடுப்புக்குக் கீழே வரைக்கும் போகணும். அந்த முழங்கால் மேட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே பின்கால் வெளிப்பக்கமா முன்னே வந்து ஊணிடணும். காது அவர் விலாவுல ஒட்டியிருக்கணும், பார்வை மேலே. கை ரெண்டும் முழங்காலுக்குப் பின்னால. இப்போ நேரா முட்டித் தள்ளாதீங்க. தலை அவர் விலாவை ஒரு பக்கம் தள்ளணும், கை காலை எதிர்ப் பக்கம் வாரணும். விழறது அந்தக் கத்திரியாலதான், உங்க பலத்தால இல்லை.

புதுசா வர்றவங்க பத்துல எட்டு தடவை தப்பு பண்றது பின்காலை மறக்கறதுலதான். முழங்கால் ஊணின இடத்துலயே உடம்பு நீண்டு படுத்துடும், மேலே இருக்கிறவர் இடுப்பை இறக்கினா அங்கயே நசுங்கிக் கிடக்கணும். இதைச் சரிபண்ண பார்ட்னரே வேண்டாம். மேட்டோட ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெறும் அடியை மட்டும் போட்டுக்கிட்டே போங்க, வகுப்புக்கு ஆறு நடை. முழங்கால் தொடற சத்தம் "டொம்"னு கேட்டா தப்பு, உரசற சத்தம் கேட்டா சரி. முழங்கால் பயத்துக்கும் பாதி பதில் இதுலயே இருக்கு.

மூன்றாம்சுற்று:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் "எல்லாம் தானாக வந்து உட்காரும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். மல்யுத்தத்தின் விதிகளே சில கெட்ட பழக்கங்களை ஊட்டி வளர்க்கின்றன.

முதலாவது, முதுகைக் கொடுப்பது. இரண்டு தோள்பட்டையும் மேட்டில் பட்டால் ஆட்டம் முடிந்தது என்பதால் மல்யுத்தக்காரர் விழுந்த கணமே குப்புறத் திரும்புவார். அது அங்கே புத்திசாலித்தனம். கழுத்தை நெரிக்கலாம் என்ற விதி இருக்கும் இடத்தில் அதுவே பின்புறக் கழுத்துநெரிக்கு அழைப்பிதழ். இரண்டாவது, தலை. விலாவுக்கு வெளியே தலையை வைத்து, பார்வையைக் கீழே போட்டு டபுள் லெக் போனால் கழுத்து எதிராளியின் அக்குளுக்குள் போய் உட்காரும், கில்லட்டின் என்ற முன்புறக் கழுத்துநெரி தயார். சிக்கிவிட்டால் தலை எந்தப் பக்கம் மாட்டியதோ அதற்கு எதிர்ப் பக்கமாக உடலைக் கொண்டுபோய்த் தோளால் அழுத்த வேண்டும். பதற்றத்தில் பலர் தலை இருக்கும் பக்கமே சுற்றுவார்கள், நெரி இன்னும் இறுகும்.

மூன்றாவது, முன்கால். வலக்கைக்காரரான மல்யுத்தக்காரர் பெரும்பாலும் வலக்காலை முன்னே வைப்பார். குத்துச்சண்டையில் வலக்கைக்காரருக்கு இடக்கால் முன்னே. ஒரு வருடம் ஒரே பக்கம் பழகிவிட்டு மாற்றினால் டேக்டவுன் (எதிராளியைத் தரைக்கு வீழ்த்துவது) பாதி செத்துப்போகும். முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் போட்டுப் பழகுவதுதான் இதற்கு வழி. தாழ்ந்த நிலையின் ஆபத்தும் உண்டு: எடை முழுக்க முன்காலில் இருந்தால் காலுக்கு வரும் லோ கிக்கைத் தடுக்கக் கால் எழாது, முகமும் முழங்கால் உதையின் உயரத்திலேயே இருக்கும்.

பழைய போட்டிகளிலேயே இதெல்லாம் தெரிந்துவிட்டது. 1994 டிசம்பர், யுஎஃப்சி 4 இறுதிப் போட்டியில் மல்யுத்தக்காரர் டான் செவெர்ன், ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசியை வெகுநேரம் தரையில் அழுத்தி வைத்திருந்தும், கீழே கிடந்தவர் கால்களாலேயே முக்கோண நெரி போட்டு முடித்தார். மேலே இருப்பதே வெற்றி என்பது மல்யுத்த மேட்டோடு சரி. 1997 ஜூலையில் யுஎஃப்சி 14. மல்யுத்தக்காரர் மார்க் கோல்மன் டேக்டவுனில் யாரும் அண்ட முடியாதவர். கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த மாரிஸ் ஸ்மித் கீழே பொறுமையாகத் தாக்குப்பிடித்து, கோல்மன் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எழுந்து உதைத்தே ஜெயித்தார். சர்வதேச மல்யுத்த ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் இரண்டு பாதி. தொழில்முறை எம்எம்ஏ சுற்று பொதுவாக ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். இரண்டுக்கும் மூச்சுக் கணக்கு வேறு.

மல்யுத்தத்தில் தொடங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. யுஎஃப்சி சாம்பியனாக இருந்த ஜார்ஜஸ் செயின்ட்-பியேர் கராத்தேவில் தொடங்கியவர். பிறகு கற்றுக்கொண்ட மல்யுத்தத்தால் தன்னைவிட நல்ல மல்யுத்தப் பின்னணி உள்ளவர்களையே கீழே போட்டார். எதிராளி குத்தை எதிர்பார்க்கும் நொடியில் அவர் காலுக்குப் போனதுதான் சூட்சுமம். அதனால் என் கணக்கு இது: மூன்று நாளில் இரண்டு மல்யுத்தம், ஒன்று கிக்பாக்ஸிங், முதல் வாரத்திலிருந்தே. ஒரு வருடம் பிரித்து வைக்காதீர்கள்.

இடுப்புப்பூட்டு:

ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிக்கறதுக்கு எனக்கும் சம்மதம். முதல் மூணு மாசம் மட்டும் மூணு நாளும் மல்யுத்தமா இருந்தா நிலை சீக்கிரம் படியும்ங்கறது என் பிடிவாதம். குப்புறத் திரும்பற பழக்கத்துக்கு ஒரு மருந்து: ஃப்ரீஸ்டைல் வகுப்பிலேயே கீழே விழுந்ததும் படுத்துக் காத்திருக்காம எழுந்திருக்கப் பழகுங்க. கையை ஊணி, ஒரு பாதத்தை ஊணி, இடுப்பைப் பின்னால தள்ளி, உங்க இடுப்பைக் கட்டியிருக்கிற கையோட மணிக்கட்டைப் பிடிச்சுப் பிரிச்சுக்கிட்டே எழுந்திருக்கணும். எம்எம்ஏவுக்கு இதுக்கு விலையே இல்லை.

வெள்ளைத்துண்டு:

உடம்பு விஷயம் யாரும் சொல்லலை, சுருக்கமா சொல்றேன்.

28 வயசுல முழங்காலைவிடக் கழுத்துக்குத்தான் முதல்ல கவனம் வேணும். வந்த வாரமே தலையை ஊணி உடம்பை வில்லா வளைக்கிற பிரிட்ஜ் போடாதீங்க. நெத்தி, பிடரி, ரெண்டு பக்கவாட்டுன்னு நாலு திசையிலயும் உள்ளங்கையை வச்சு, தலை அசையாம 10 விநாடி எதிர்த்துத் தள்ளுங்க. திசைக்கு மூணு தடவை, வாரம் மூணு நாள். ஆறு வாரம் இப்படிப் போனப்புறம் கையை ஊணிக்கிட்டு, எடையில பாதியைக் கையில வச்சு பிரிட்ஜ் ஆரம்பிக்கலாம். கைக்கு ஊசி குத்தற மாதிரி, மரத்துப்போற மாதிரி இருந்தா அன்னிக்கோட நிறுத்திட்டு டாக்டர்.

காது வீங்கி மெத்துனு இருந்தா அது ரத்தம் கட்டினது. சில நாளுக்குள்ள டாக்டர்கிட்ட போய் எடுத்துடணும். விட்டா இறுகி முண்டும் முடிச்சுமா ஆகிடும், அப்புறம் அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. ஹெட்கியர் (காதுக்கவசம்) போட்டா பெருமளவு தப்பிக்கலாம்.

தோல்: வட்டமா படர்ற படர்தாமரை, கொத்தா வர்ற கொப்புளம், சீழ் வச்ச புண். இதுல எது இருந்தாலும் மேட்ல இறங்கக் கூடாது. மறைச்சுக்கிட்டு வர்ற ஒருத்தரால மொத்த வகுப்புக்கும் பரவும். முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் குளிங்க, துண்டைப் பகிராதீங்க, நகம் ஒட்ட வெட்டியிருக்கணும்.

எடையைக் குறைக்கத் தண்ணி குடிக்காம வேர்க்கிற வேலையை யார் சொன்னாலும் கேக்காதீங்க. 1997 கடைசியில அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போயே செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க விதியை மாத்தினாங்க.

நிழற்குத்து:

எல்லாருக்கும் நன்றி. ஃப்ரீஸ்டைல்ல சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. ஸ்ப்ரால் போடறேன், இடுப்பு கீழே போகுது, ஆனாலும் ஒரு காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துடறாங்க. நான் ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டே பின்னால போய் விழறேன். தப்பு ஸ்ப்ரால்லயா, அதுக்கப்புறமா?

இடுப்புப்பூட்டு:

ரெண்டுலயும் இருக்கும். முதல்ல ஸ்ப்ரால் போட்ட நிலையில அப்படியே அசையாம இருந்து பாருங்க. உங்க முழங்கால் மேட்டைத் தொடுதா? தொட்டா எடை மேட்டுக்குப் போயிடுச்சு, அவர் மேல இல்லை. கை ரெண்டும் தண்டால் எடுக்கற மாதிரி தரையில ஊணியிருக்கா? அப்போ உங்க எடையை நீங்களே தாங்கறீங்க. முழங்கால் எழும்பி, முதுகு பின்னால வளைஞ்சு, நெஞ்சு அவர் தோள்பட்டை எலும்பு மேல அழுந்தணும். ரெண்டு இடுப்பையும் சமமா இறக்காதீங்க. அவர் பிடிக்கிற கால் பக்கத்து இடுப்பைக் கூடுதலா வெட்டி இறக்கணும், பிடி அங்கதான் அறுபடும். இறங்கினதும் அங்கயே கிடக்காம, ஒரு கையால தாடையைத் தடுத்து, இன்னொரு கையால முழங்கைக்கு மேல பிடிச்சு, அவர் முதுகுப் பக்கம் ஓடணும். கிடந்தா அவர் மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி காலைத் தேடுவார்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. இடுப்புங்கறது கடைசிக் கதவு. முதல் கதவு உங்க கையும் தலையும். அவர் உள்ளே வரும்போதே உங்க முன்னங்கை அவர் தோள்ல முட்டியிருந்தா பாதி வேகம் அங்கயே போயிடும்.

மூன்றாம்சுற்று:

கால் மாட்டிய பிறகு: நிமிர்ந்து நொண்டாதீர்கள். நிமிர நிமிர அவருக்கு உங்கள் காலைத் தூக்க இடம் கிடைக்கிறது. நிற்கிற காலை மடக்கி உட்கார்ந்தாற்போல் இறங்குங்கள். அவர் பிடித்திருக்கும் பக்கத்தில் உள்ள உங்கள் கையை அவர் புயத்துக்கு மேலாகச் சுற்றி அக்குளுக்குள் இறுக்கி, இடுப்பை அவர் தோளில் அழுத்த வேண்டும். மறு கையால் அவர் தலையைக் கீழே தள்ளுங்கள். தலை உங்கள் நெஞ்சில் ஒட்டியிருக்கும்வரை அவர் உங்களை எந்தப் பக்கமும் தள்ளலாம். தலை இறங்கிவிட்டால் தள்ளும் பலமும் இறங்கிவிடும். பிடி தளர்ந்ததும் மாட்டிய காலின் முழங்காலை வெளிப்பக்கம் திருப்பிப் பாதத்தை மேட்டை நோக்கி உதைத்து ஊன்றுங்கள். அது முடியாவிட்டால் கால் கட்டைவிரலைக் கீழே பார்க்கத் திருப்பி, காலைத் துணி மாதிரி தளர்த்தி, இடுப்பை அப்பால் சுழற்றிப் பின்னால் உருவுங்கள்.

பயிற்சிக்கு ஸ்ப்ராலிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள். பார்ட்னரிடம் காலைக் கொடுத்துவிட்டு, பிடி முழுக்க இறுகின பிறகு "ஆரம்பி" என்று சொல்லி 20 விநாடி. நீங்கள் விழக் கூடாது, அவர் விழவைக்க வேண்டும். வலது ஐந்து, இடது ஐந்து. முதல் வாரம் பத்துக்குப் பத்தும் விழுவீர்கள், பரவாயில்லை.

வெள்ளைத்துண்டு:

இந்த ட்ரில்லுக்கு ஷூ போட்டுக்கோங்க. வெறும் கால்ல, அதுவும் வேர்த்த மேட்ல, நிக்கிற கால் வழுக்கினா முழங்கால் திருகிக்கும். ஷூ போட்டாலும் பாதம் மேட்ல ஒட்டியிருக்கும்போது உடம்பை மட்டும் திருப்பாதீங்க, சின்னச் சின்னதா குதிச்சுக் குதிச்சு பாதத்தையும் திருப்பிக்கிட்டே இருங்க.