காஸ் கசிந்தது எனக்குத் தெரியவே இல்லை

2021 ஆகஸ்ட் கடைசி, ஊரடங்கு நேரம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் நானும் அம்மாவும்தான். கொரோனாக் காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. ஐந்தாம் நாள் தேங்காய்ச் சம்பல் இடித்து வாயில் வைத்தால் உப்புத் தெரிகிறது, தேசிக்காய்ப் புளிப்புத் தெரிகிறது, மிளகாய் எரிகிறது. ஆனால் மணமே இல்லை, அது சம்பல் இல்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, காளான் போன்றவற்றின் சுவை), இவ்வளவுதான் நாக்குக்குத் தெரியும், மிச்சமெல்லாம் மூக்கின் வேலை என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

சாப்பாடு ருசிக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டிசம்பரில் நடந்ததுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாட்டில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாளாந்தம் வந்துகொண்டிருந்த மாதம் அது. நான் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். குளித்துவிட்டு வந்த அம்மா கதவடியிலேயே கத்தினார்: "பிள்ளை, காஸ் மணக்குது, பத்த வைக்காதை!" எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தோம். காஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் ஆட்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அம்மா வீட்டில் இல்லாவிட்டால்? இப்போது சிலிண்டர் மாற்றினால் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் அடுப்பைத் தொடுவதில்லை.

இன்னும் மணம் மங்கல்தான். யாருக்காவது முழுதாகத் திரும்பியதா?

*

அக்கா, நான் கொட்டாஞ்சேனை. எனக்கு மூன்று மாதத்தில் திரும்பியது, ஆனால் பிழையாக. கோப்பி, உள்ளி, வதக்கிய வெங்காயம் எல்லாம் எரிந்த ரப்பர் நாற்றம். மனைவி சமைத்ததை மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன். அவள் அழுதுவிட்டாள். மண நரம்புகள் புதிதாக வளரும்போது இப்படி ஆவதுண்டு, பயப்பட வேண்டாம் என்றார் காது மூக்கு தொண்டை வைத்தியர்.

மணம் திரும்ப அவர் சொன்ன முகரும் பயிற்சி ஜெர்மனியில் ஹும்மல் என்ற வைத்தியரின் குழு 2009இல் வெளியிட்டது: ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ். காலையும் இரவும், ஒவ்வொன்றையும் 10 முதல் 20 விநாடியளவு, அதன் மணத்தை நினைத்தபடி மெதுவாக முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். நான் பன்னீர், தேசிக்காய்த் தோல், இடித்த கராம்பு, தைலம் என்று வீட்டில் இருந்ததை வைத்தே செய்தேன். வெங்காயம் வெங்காயமாக மணக்க ஒரு வருடம் போனது.

*

தம்பி, நேற்றே தொடங்கிவிட்டேன். பன்னீரில் ஒன்றுமில்லை, தேசிக்காயும் கராம்பும் மங்கல். யூகலிப்டஸ் மட்டும் சில்லென்று ஏறியது. அது மணம்தானே?

*

இல்லை அக்கா, அந்தக் குளிர்ச்சியை அறிவது மண நரம்பு இல்லை, முகத்தில் தொடுகை, குளிர், எரிவு எல்லாம் உணரும் முக்கிளை நரம்பு. மணம் அறவே போன நாட்களிலும் எனக்கு அது இருந்தது. எனக்கு முதலில் தெளிந்தது கராம்பு, அதுவும் ஏழாம் வாரம்தான். விடாமல் செய்யுங்கோ.