நெற்றி, மார்பு, முதுகெல்லாம் அரிக்கும் பரு: அவசர உதவி

சிப்புட் பையன்: வணக்கம். நெற்றி, மார்பு, மேல்முதுகு எல்லாம் பொடிப்பொடியாகப் பரு. களிம்பு போட்டேன், போகவில்லை. மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கூடுகிறது. அடுத்த மாதம் அக்கா கல்யாணம், சீக்கிரம் சொல்லுங்கள்.

லயத்து அக்கா: என்ன களிம்பு, என்ன மாத்திரை தம்பி? அரிக்கிறதா, வலிக்கிறதா? வேலை வெயிலிலா?

வேம்பு: உடம்புச் சூடுதான். வேப்பிலை அரைத்துப் பூசு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படு.

தோட்டத்து மாமா: காரமான சோப்பை முதலில் நிறுத்து. எனக்கு அதில்தான் வந்தது.

சிப்புட் பையன்: அரிப்புதான், வேர்த்தால் தாங்க முடியவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழம் வெட்டுகிறேன், சட்டை நாள் முழுக்க ஈரம். மாத்திரை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், கிளினிக்கில் கொடுத்தது. களிம்பு கூட்டாளி கொடுத்தது, பெயர் அழிந்துவிட்டது.

மூத்தவன்: இதையெல்லாம் முதலிலேயே எழுதப் பழகுங்கள், இங்கே யாரும் ஜோசியம் பார்க்க உட்காரவில்லை. ஒரே அளவில் 1, 2 மில்லிமீட்டர் கட்டி, அரிப்பு, கரும்புள்ளி கிடையாது, ஆன்டிபயாட்டிக்கில் கூடுகிறது என்றால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. தேமல் வருவதும் அந்த ஈஸ்ட்டால்தான். எல்லார் தோலிலும் இருக்கும், வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தால் முடித்துளைக்குள் பெருகும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் அடிக்கும், ஈஸ்ட்டுக்குப் போட்டியில்லாமல் போய்விடும்.

லயத்து அக்கா: தம்பி, பார்மசியில் பூஞ்சைக்குப் போடுகிற கீட்டோகோனசோல் 2% ஷாம்பு கேள். பரு உள்ள இடத்தில் நுரையாகத் தேய்த்து, 5 நிமிடம் விட்டுக் கழுவு, கண்ணில் படாமல். அந்தப் பெயரில்லாத களிம்பைத் தூக்கிப் போடு, ஸ்டீராய்டாக இருந்தால் இது இன்னும் பரவும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தான், கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பார். டாக்சிசைக்ளினை நிறுத்துவதையும் அங்கேயே கேள்.

வேம்பு: தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் இருக்கிறது, கிருமியைக் கொல்லும். எங்கள் பாட்டிக்குக் கடைசி வரை தோலில் ஒரு புள்ளி கிடையாது.

மூத்தவன்: பாட்டி பழம் வெட்டப் போனார்களா? லாரிக் அமிலம் 12 கார்பன் அணு உள்ள கொழுப்பு அமிலம். மலசீசியாவால் கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாக உண்டாக்க முடியாது, 11 முதல் 24 கார்பன் வரையுள்ள கொழுப்பு அமிலங்களைத்தான் அது தின்று வளர்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக். நீங்கள் அதற்குச் சோறு போடச் சொல்கிறீர்கள்.

வேம்பு: தலைக்கு வைத்தாலும் தப்பா? தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்கச் சொல்வீர்கள் போல.

லயத்து அக்கா: தலைக்கு வைத்தால் நெற்றியில் வழியும், ஆறும் வரை அதுவும் வேண்டாம். சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பையன் கேட்டது கல்யாணத்துக்கு. தம்பி, வேலை முடிந்ததும் குளி, ஈரச் சட்டையோடு உட்காராதே.

சிப்புட் பையன்: கிளினிக் போனேன், சுரண்டிப் பார்த்தார்கள், ஈஸ்ட்தான். பழைய மாத்திரையை நிறுத்தி இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுத்தார் டாக்டர், ஷாம்பும் போடுகிறேன். அரிப்பு குறைந்துவிட்டது, தடம் இருக்கிறது. நன்றி அக்கா.

லயத்து அக்கா: தடம் மெதுவாகத்தான் போகும், கிள்ளாதே. இது திரும்பி வருகிற சாமான், ஆறின பிறகும் வாரம் ஒரு தடவை அந்த ஷாம்பைப் போடு.