45,000 கி.மீ. மட்டுமே ஓடிய 2003 போர்ஷே 911: நம்பி வாங்கலாமா?

நெக்கார்க்கரை:
"996 வகை (2003 வண்டியின் தலைமுறைக்கு போர்ஷே இட்ட குறியீட்டு எண்) 911-ஐ வாங்குபவர் வண்டியை வாங்கவில்லை, வெடிகுண்டை வாங்குகிறார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஸ்டுட்கார்ட் அருகே நான் பார்த்து வைத்திருக்கும் 2003 கரேரா (911-இன் அடிப்படை மாடல்), இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே உரிமையாளரிடம் இருந்தது, 45,000 கி.மீ. மட்டுமே ஓடியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையில் சென்ற மாதம்தான் குறையேதும் இல்லாமல் தேறியிருக்கிறது. இதைவிட நம்பகமான பழைய வண்டி எங்கே கிடைக்கும்?

பட்டறைக்காரன்:
அதை எழுதியவன் நான்தான். ஒரு சொல்லையும் திரும்பப் பெறப்போவதில்லை. நீங்கள் பெருமையாகச் சொல்லும் 45,000-தான் என்னை அச்சுறுத்துகிறது. அந்த இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளைச் சங்கிலி வழியாகச் சுழற்றும் இடைத்தண்டின் கிளட்ச் பக்க முனை, மூடியிட்ட ஒரு பேரிங்கில் (எஃகுக் குண்டுகள் உருளும் வளையம்) நிற்கிறது. காலப்போக்கில் அதன் கிரீஸ் கரைந்து வெளியேற, அழுக்கேறிய ஆயில் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் அந்த ஆயிலும் ஈரமும் பேரிங்கை அரித்துக்கொண்டே இருக்கும். அது உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே போய்விடும். கட்டாயச் சோதனையில் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர், புகை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்; இன்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை.

பழைய ஓட்டுநர்:
என்னுடைய 1999 கரேரா 2,10,000 கி.மீ. கடந்துவிட்டது, ஐயா. அந்த பேரிங்கை நான் தொட்டதே இல்லை. ஒவ்வொரு 8,000 கி.மீ.க்கும் ஆயில் மாற்றுகிறேன். ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் மனநிறைவோடு ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு இதே பட்டறைக்காரர் ஒரு பாக்ஸ்டரைப் (போர்ஷேயின் இன்னொரு மாடல்) பற்றியும் இப்படித்தான் பயமுறுத்தினார். அதை வாங்கவிருந்த நண்பர் வாங்காமல் விட்டுவிட்டு இன்றுவரை வருந்துகிறார்.

பட்டறைக்காரன்:
பாக்ஸ்டர் பேச்சை நீங்கள்தான் இழுத்தீர்கள். அந்த வண்டியை நான் நேரில் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் 1999 வண்டியில் இருப்பது பெரும்பாலும் குண்டுகள் இரண்டு வரிசையாக உள்ள இரட்டை வரிசை பேரிங். 2003-இல் இருப்பது ஒற்றை வரிசை. அது மட்டுமல்ல, இடைவிடாமல் ஓடிய உங்கள் வண்டி நலமாக இருப்பதும், ஓடாத 45,000-க்குத்தான் பயப்பட வேண்டும் என்பதும் ஒரே பேச்சின் இரண்டு பக்கங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த பேரிங் தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கு 2013-இல் சமரசமாக முடிந்தது. பேரிங் பழுதாகும் விகிதம் ஒற்றை வரிசைக்கு 8 விழுக்காடு, இரட்டை வரிசைக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதையொட்டிச் சொல்லப்பட்டது. அப்படியானால் நூற்றுக்கு 92 வண்டிகள் தப்பியிருக்கின்றன. வெடிகுண்டு என்ற சொல்லுக்கு இது போதுமா?

பட்டறைக்காரன்:
அந்த எட்டில் ஒருவராக நீங்கள் இருந்துபார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். என் பட்டறையில் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரின் காகித மடிப்புகளை வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பேன். மடிப்பின் அடியில் மினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அவை எஃகு. அப்போது பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விழுக்காடு பேசுகிற நீங்கள் ஒரு ஃபில்டரையாவது வெட்டிப் பார்த்தது உண்டா?

நெக்கார்க்கரை:
45,000 கி.மீ. ஓடிய வண்டியின் ஃபில்டரை வெட்டச் சொன்னால் விற்பவர் சினந்துகொள்வார். வண்டியின் படங்களை மேலே இணைத்திருக்கிறேன். டயரின் வரிப்பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருக்கின்றன என்று பாருங்கள்.

பட்டறைக்காரன்:
பார்த்தேன். பின் டயரின் பக்கவாட்டில் 1409 என்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். 320 குதிரைத்திறன் கொண்ட, இன்ஜின் பின்னால் அமைந்த வண்டியில், ரப்பர் இறுகிப்போன டயரோடு மழையில் ஆட்டோபானில் (ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலை) செல்லப்போகிறீர்கள். பேரிங் உடைந்தால் பணம்தான் போகும்; அந்த டயர் வழுக்கினால் என்ன போகும் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பழைய ஓட்டுநர்:
டயரை ஒரே பகலில் மாற்றிவிடலாம். அவ்வளவு பயம் இருப்பவர் அதே காலத்து 911 டர்போவை வாங்கட்டும். அதிலிருப்பது போர்ஷேயின் பொறியாளர் மெட்ஸ்கர் வழிவந்த வேறு இன்ஜின், இந்தத் தொல்லை கிடையாது.

கணக்குப்பிள்ளை:
டர்போவின் விலை இவர் கையிருப்புக்குள் அடங்காது என்பது உங்களுக்கே தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்:
சொந்தமாக ஒரு 911 இல்லாதவரிடம் நான் பதில் சொல்லக் கடமைப்படவில்லை.

நெக்கார்க்கரை:
உங்கள் சண்டைக்கு நடுவே என் வண்டியை மறந்துவிட்டீர்கள். டயரை மாற்றுகிறேன், சரி. ஆனால் 45,000 என்பது 45,000-தான். இரண்டு லட்சம் ஓடிய வண்டியை வாங்கச் சொல்லி யாரும் என்னை ஏற்கவைக்க முடியாது. சனிக்கிழமை காலை பணத்தோடு போகிறேன்.

பட்டறைக்காரன்:
போங்கள். போவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கடைசியாக ஆயில் மாற்றியது எந்த மாதம்? கிளட்ச் ஒருமுறையாவது மாற்றப்பட்டதா? அந்த பேரிங்கைப் புதிதாக்க ஏற்ற நேரம், கியர்பாக்ஸைக் கழற்றிக் கிளட்ச் மாற்றும் நேரம்தான். அதற்கான ரசீது இல்லையென்றால் 45,000 என்ற எண்ணை என்னிடம் மீண்டும் சொல்லாதீர்கள்.

நெக்கார்க்கரை:
கிளட்ச் இன்னும் பழையதுதான். 45,000-க்கு யார் கிளட்ச் மாற்றுவார்கள்?