மறு: மான்களின் ‘விண்டர் ரேஞ்ச்’ — தமிழ்ச்சொல் வேண்டும், திங்களுக்குள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

பள்ளி இயற்கை மன்றத்துக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மியூல் டியர் என்ற மான் பற்றிய பாடத்தில் நின்றுவிட்டேன்.

அந்த மான்கள் ரெட் டெசர்ட் என்ற தாழ்ந்த புதர்வெளியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே ஹோபேக் மலைப்பகுதிக்கு ஏறுகின்றன. ஏறத்தாழ 240 கி.மீ. ஹால் சாயர் என்ற ஆய்வாளர் கழுத்துப்பட்டைக் கருவிகளால் கண்டறிந்து 2014இல் வெளியிட்ட வழி அது. பின்னர் 255 என்று எண்ணிட்ட ஒரு பெண்மான் அதையும் தாண்டி அண்டை மாநிலமான ஐடஹோ வரை, சுமார் 390 கி.மீ., நடந்தது.

நான் எழுதிவைத்திருப்பவை: மைக்ரேஷன் – வலசை, ஸ்டாப்ஓவர் – இடைத்தங்கல், விண்டர் ரேஞ்ச் (மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலம்) – பனிப்புலம். மியூல் டியருக்குக் ‘கோவேறு கழுதை மான்’ என்று எழுதக் கை வரவில்லை. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புடையீர், பனிப்புலம் அருமையான ஆக்கம். முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதையே பிரித்து வைத்த மொழி நம்முடையது. மாற்றாதீர்கள்.

வலசைதான் உறுத்துகிறது. அது தெலுங்கு ‘வலச’. பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள்’ இருக்கும்போது இரவல் எதற்கு? புலம்பெயர்வு என்க.

மானுக்கு அத்திரிமான். ‘கழிச்சுறா எறிந்த புண்தாள் அத்திரி’ என்று அகநானூறு கோவேறு கழுதையைத்தான் சொல்கிறது. அந்த மானின் அறிவியற்பெயரில் உள்ள ஹெமியோனஸ் கிரேக்கத்தில் அரைக்கழுதை, அதாவது அத்திரியே. இவ்வளவு பொருந்தி வருவது அபூர்வம்.

ராமநாதபுரத்திலிருந்து:

ஐயா, எங்கள் மாவட்டத்தில் புதுவலசை என்று ஊரே இருக்கிறது. குடிபெயர்ந்து வந்தவர்கள் ஊருக்குச் சூட்டிய பெயரை எந்த அகராதி பார்த்து வெளியேற்றுவது? பறவை பார்க்கப் போகிற பிள்ளைகள் எல்லாரும் வலசை என்றுதான் சொல்கிறார்கள். அத்திரியும் வடமொழி ‘அச்வதரி’யின் திரிபு என்பார் உண்டு. தெலுங்கைத் தள்ளி வடமொழியைக் கொண்டுவருவதில் என்ன தூய்மை?

யாழ்ப்பாணத்திலிருந்து:

வலசையை மாற்ற வேண்டாம். புலம்பெயர்தல் எண்டால் எங்களுக்கு வேறு பொருள். வீட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய், திரும்பி வராத ஆக்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கினம். மான் ஒவ்வொரு வருசமும் அதே பாதையால திரும்பி வருது. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க மனம் ஒப்பவில்லை.

கோத்தகிரியிலிருந்து, வனவிலங்கு ஆய்வு மாணவி:

சொல்லின் வேரைப் பார்த்தோம், மானைப் பார்க்கவில்லை. பனிப்புலம் என்றால் பனி கிடக்கும் நிலம் என்றே எவரும் கொள்வார்கள். உண்மை நேர்மாறு. மலையில் பனி ஆழமாகி, கால் புதைந்து, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு கரையத் தொடங்குவதால்தான் மான் கீழே இறங்குகிறது. பனி குறைந்த இடம்தான் விண்டர் ரேஞ்ச்.

மேய்ச்சல் நிலம் என்றும் வேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சேஜ்பிரஷ் புதர். நம் மரிக்கொழுந்தின் பேரினம்தான், ஆர்ட்டிமீசியா. கிடைப்பதைத் தின்றாலும் செலவுக்குப் போதாது; கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகக் கரைத்துத்தான் நாளைக் கடத்துகிறது. வெயில் படும் தெற்குச் சரிவில் கால் மடக்கிப் படுத்து அசைபோடும் பெண்மானை ஒரு நாய் விரட்டினால், அந்த ஓட்டத்தில் போன கொழுப்பு மார்ச் மாதத்தில் திரும்பக் கிடைக்காது. 2022–23 குளிர்காலத்தில் வயோமிங்கின் மேற்கில் குட்டிகள் மிகப் பெரும்பாலும் பிழைக்கவில்லை.

இடைத்தங்கல் மிகச் சரி. வலசைக் காலத்தில் 95 விழுக்காட்டை மான்கள் இடைத்தங்கல்களில்தான் கழிக்கின்றன என்று 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. பனி உருக உருக மேலேறும் தளிரைத் தின்றுகொண்டே போவதால் அவசரமில்லை. ‘கிரீன் வேவ்’ பாடத்தில் வருமானால் தளிரலை என்று வையுங்கள்.

விண்டர் ரேஞ்சுக்குக் குளிர்காலப் புகலிடம் பொருந்துமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, மானின்ர கதை நல்லா விளங்கிச்சு. ஆனா புகலிடமும் அகதிக்குரிய சொல்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

பனி குறைந்த இடம் என்பது எனக்குப் புதிது; ஒப்புகிறேன். ஆனால் ‘பனி’ நமக்கு முதலில் பருவம், பிறகுதான் உறைந்த நீர். மார்கழிப் பனி என்றால் யாரும் ஆல்ப்ஸை நினைப்பதில்லை. கூதிர்ப்புலம் என்றாவது வைக்கலாம். ‘குறிஞ்சி, கூதிர் யாமம்’ என்பது தொல்காப்பியம். மலைவிலங்குக்கு மலையின் பொழுது.

ராமநாதபுரத்திலிருந்து:

கூதிர் ஐப்பசி, கார்த்திகை ஐயா. அடைமழை. வயோமிங் மான் குடை பிடிக்க வேண்டியிருக்கும்.

கையேட்டுக்காரர்:

நேற்று ஏழாம் வகுப்பில் பனிப்புலம் என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். முதல் வரிசைச் சிறுமி கேட்டாள்: “மான் பனியைத் தேடிப் போகுதா டீச்சர்?” அந்த இடத்திலேயே அழித்துவிட்டேன். கூதிர் என்று எழுதியதை ‘கூதல்’ என்று ஒரு பையன் சரியாகவே பிடித்தான். மற்ற முப்பது பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குளிர்காலத் தங்குநிலம் என்று போட்டிருக்கிறேன். இடைத்தங்கலோடு வேரும் ஒன்றாக இருக்கிறது. வாழிடம் என்ற சொல்லை ஹேபிடட்டுக்கு விட்டுவைக்கலாம். வலசை, தளிரலை அப்படியே. மானுக்கு, அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்–கிளார்க் பயணக் குழு காதைப் பார்த்துப் பெயரிட்டது என்பதால், கழுதைக்காது மான். குட்டிக்கு மட்டும் ஐயா மனம் குளிர ‘மறி’: ‘நவ்வியும் உழையும் … மறியே’ என்ற தொல்காப்பிய மரபியல் நூற்பாப்படி. நால்வர் சரி என்று தனிமடல் அனுப்பினார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

மறிக்கு நன்றி அம்மா. ஆனால் தங்குநிலம் சொல் அன்று, விளக்கம். ஆறெழுத்தில் இருந்ததைப் பன்னிரண்டுக்கு நீட்டிவிட்டீர்கள். அடுத்த பதிப்பிலும் எழுதுவேன். அத்திரிமானையும் விடுவதாயில்லை, அத்திரி வடமொழியன்று என்பதற்கு நான்கு சான்றுகள் தொகுத்து வருகிறேன், ஞாயிறன்று அனுப்புகிறேன்.