பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை என்ன செய்யலாம்?

கேள்வி: தரம் 7 வகுப்பாசிரியை, திருகோணமலை

இந்த வருடம் என் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவி, தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாமொன்றில் பிறந்து பெற்றோருடன் ஊர் திரும்பியவள். தாயின் சொந்த இடம் மூதூர் கிழக்கு. 1990ஆம் ஆண்டுக் குழப்பத்தில் கைக்குழந்தையாகப் படகில் கொண்டு செல்லப்பட்டவர். மாணவியிடம் இந்தியாவில் பெற்ற பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளையின் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. தந்தையின் பெயரோ அதில் ஒரு விதமாகவும் முகாம் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதே வகுப்பில் ஒரு பையனும் இருக்கிறான். போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் இருந்த காலத்தில் பிறந்த அவனுடைய பிறப்பு பதியப்படவேயில்லை என்று அம்மம்மா சொல்கிறார்.

இருவரையும் அதிபர் தயங்காமல் சேர்த்துக்கொண்டார். ஆனால் என் தவறொன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாம் தவணையில் வரவுப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது, "பிறப்புச் சான்றிதழ் தராதவர்கள் எழும்புங்கோ" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். பையன் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் எழும்பி, சப்பாத்தின் நுனியைப் பார்த்தபடி நின்றாள். பின்வாங்கிலிருந்து யாரோ "இந்தியா" என்றார்கள். அடுத்த மூன்று நாள்கள் அவள் பாடசாலைக்கு வரவில்லை.

சேர்த்துக்கொண்டதோடு பாடசாலையின் கடமை முடிந்துவிட்டதா, இல்லையென்றால் அடுத்து எங்கே தொடங்குவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற அதிபர்

ஆசிரியை அவர்களுக்கு, 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே உங்கள் அதிபர் செய்தது தயவு அல்ல, கடமை. என் காலத்தில் ஒரு பாடசாலையில் இத்தகைய பிள்ளைகளை "தற்காலிகம்" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். பென்சில் எழுத்து மட்டும் ஐந்து வருடங்கள் அப்படியே கிடந்தது.

சிக்கல் வெளிப்படுவது தரம் 10இல்தான். தேசிய அடையாள அட்டைக்கான வயது இப்போது 15; பாடசாலையில் படிப்பவர்களின் விண்ணப்பத்தை அதிபரே உறுதிப்படுத்தி அனுப்புகிறார். அந்த விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் ஆளடையாளம் வேண்டும். பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருக்கும்போது ஓடத் தொடங்கிய பெற்றோரை நான் பல முறை கண்டிருக்கிறேன். உங்கள் மாணவிக்கு இப்போது 12 வயது என்றால் மூன்று வருடங்கள் கையில் இருக்கின்றன. இந்த விடயத்தில் பாடசாலை கொடுக்கக்கூடிய பெரிய உதவி அந்தக் கால அவகாசத்தை வீணாக்காமல் இருப்பதே.

மறுமொழி 2: பதிவுக் கிளையில் பணியாற்றியவர்

உங்கள் வகுப்பில் உள்ள இருவரின் பிரச்சினையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கோவையில் போட்டால் இருவரும் தவறான அலுவலகத்தின் வரிசையில் நிற்பார்கள்.

பையனைப் பொறுத்தவரை, பிறப்பு உண்மையில் பதியப்படவில்லையா, அல்லது பதிவு இருந்து சான்றிதழ் மட்டும் தொலைந்துவிட்டதா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். "பதியவில்லை" என்று சொல்லும் குடும்பங்களில், வைத்தியசாலைப் பிரசவமாக இருந்து தகப்பனார் பதிந்துவிட்டு வீட்டில் சொல்லாமல் விட்ட சம்பவங்களும் உண்டு. பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த காலத்தையும் இடத்தையும் வைத்துத் தேடுமாறு பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே கேட்பது பிள்ளை இந்த நாளில், இந்த இடத்தில், இந்தத் தாய்க்குப் பிறந்தது என்பதற்கு அக்காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஓர் ஆதாரம்: தடுப்பூசி போட்ட அட்டை, தாயின் கர்ப்பகால அட்டை, ஞானஸ்நானக் குறிப்பு, சாதகக் கொப்பி, முதலில் சேர்ந்த பாடசாலையின் சேர்வு இடாப்புப் பிரதி. இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பாடசாலையைத் தவிர வேறு எவராலும் கொடுக்க முடியாது. அந்தப் பிரதியைக் கேட்டு வரும் தாயை "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாணவியின் விடயம் குடியுரிமை சார்ந்தது. முகாமில் பிறந்ததால் அவள் இந்தியப் பிரசை ஆகிவிடவில்லை. 1987 யூலைக்குப் பின் அங்கு பிறப்பவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நமது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரசையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். முன்பு தந்தை வழியே மட்டும் என்றிருந்ததை 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்க்கும் விரிவாக்கியது. முகாம்களில் நடந்த பல திருமணங்கள் பதியப்படாதவை என்பதால் இந்தத் திருத்தம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை கொடுத்திருக்கிறது. விண்ணப்பம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குச் செல்லும். பெயர் வெறுமையாக உள்ள சான்றிதழை அனுப்பாதீர்கள். அங்குள்ள உறவினர் மூலம் பெயரைச் சேர்ப்பித்துப் புதிய பிரதியை எடுத்த பிறகே அனுப்புங்கள். இல்லையேல் கோவை போன வேகத்தில் திரும்பி வரும்.

மறுமொழி 3: முகாமில் படித்தவன், குச்சவெளி

நானும் அங்கே ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவன். அங்கே பாடசாலையை விட்டு விலகும்போது கொடுத்த மாற்றுச் சான்றிதழில் தேசியம் என்ற இடத்தில் "இலங்கை" என்று எழுதியிருந்தார்கள். இங்கே வந்து சேர்ந்த முதல் நாளே எனக்கு "இந்தியாக்காரன்" என்று பெயர் விழுந்தது. பின்னாளில் என் கோவையில் உதவிய தாள்களில் அந்த மாற்றுச் சான்றிதழும் ஒன்று. ரீச்சர், அந்தப் பிள்ளையிடம் அது இருந்தால் மூலப் பிரதியை அலுவலகத்தில் வாங்கி வைக்காமல், நிழற்பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீடுகளில் மூலப் பிரதி என்பது நகைக்குச் சமம்.

சிங்களத்தையும் மறந்துவிடாதீர்கள். இங்குள்ள பிள்ளைகள் கீழ் வகுப்புகளிலேயே எழுத்துகளைப் பழகிவிட்டார்கள், எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அந்தப் பாடவேளையில் ஆசிரியர் என்னை ஒருமுறையும் கேள்வி கேட்கவில்லை. அதை இரக்கம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

மறுமொழி 4: புலம்பெயர்ந்த பெற்றோர்

அமெரிக்காவில் குடிவரவு ஆவணமற்ற பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து ஒதுக்க இடமளித்த டெக்சாஸ் மாநிலத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் செல்லாதென்றது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் பாடசாலைகள் குடிவரவு நிலை பற்றிக் கேட்பதைத் தவிர்ப்பதே நல்ல நடைமுறை என்றாகிவிட்டது. நம் பாடசாலைகளும் ஒன்றும் கேட்காமல் இருப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பு அல்லவா?

கேள்வி கேட்ட ஆசிரியையின் பதில்

அனைவருக்கும் நன்றி. புலம்பெயர்ந்த ஐயாவின் கருத்தை நான் பாதிதான் ஏற்க முடியும். அங்கே தாள் இல்லை என்பது வெளியே தெரிந்தால் குடும்பம் நாடு கடத்தப்படலாம்; ஆகவே கேளாமை அங்கே காவல். இங்கே இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கான உரித்து இருக்கிறது, தாள்தான் இல்லை. நாங்கள் கேட்காமல் விட்டால் 15 வயதில் வேறொருவர் கேட்பார். கேட்க வேண்டும், ஆனால் நான் கேட்டதுபோல வகுப்பின் நடுவில் அல்ல.

கடந்த கிழமை தாயைப் பாடசாலை விட்ட பிறகு வரச் சொல்லியிருந்தேன். ஒரு சொப்பிங் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. முகாம் அட்டை நான்காக மடித்து மடிப்பில் கிழிந்திருக்கிறது. தடுப்பூசி அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. பதிவுக் கிளையில் இருந்த ஐயா சொன்ன வரிசையில் அடுக்கியபோதுதான் தெரிந்தது, மூதூரில் பிறந்த தாயிடம் அவருடைய பிறப்புச் சான்றிதழே இல்லை. அது இல்லாமல் பிள்ளையின் வம்சாவளியை எதைக்கொண்டு காட்டுவது? எனவே முதல் விண்ணப்பம் மகளுக்கல்ல, தாய்க்கு. தேடுதல் படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். பிறந்த திகதி அவருக்கு நிச்சயமில்லாததால் 1989, 1990 ஆகிய இரண்டு வருடங்களையும் குறித்திருக்கிறோம். வருகிற புதன்கிழமை பிரதேச செயலகத்துக்கு அவருடன் நானும் போகிறேன். பையனின் அம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.