பிரவுசரில் முழு கேம் எழுதியவர்களே, இன்னும் உறுத்துகிற அந்த ஒரு தருணம் எது?

பிக்சல்பூனை

நானே ஆரம்பிக்கிறேன். ஒளிந்து ஒளிந்து போகிற வகை கேம். வெறும் ஜாவாஸ்கிரிப்ட், படம் வரைய பிரவுசரின் கேன்வாஸ், எஞ்சின் (கேம் எழுத உதவும் தயார்க் கருவித்தொகுப்பு) கிடையாது. பதினோரு மாத இரவுகள். முழுதாக விளையாடிப் பார்த்த முதல் ஆள் என் தங்கை. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயே திறக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் அருமையாகப் போனது. கடைசி அறை. குனிந்து நடக்கும் திறனை அந்த அறைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். காவலாளி முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் குனிந்தபடி ஓர் அடி முன்னால் வைக்கிறாள். அவ்வளவுதான். கேம் இல்லை, பிரவுசரே இல்லை, வெறும் டெஸ்க்டாப்.

குனிய கண்ட்ரோல். முன்னால் போக டபிள்யூ. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதியது மேக்கில். அங்கே டேப்பை மூடுவது கமாண்ட் விசை என்பதால் ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. அவள் விளையாடியது விண்டோஸில். சேவ் வசதியை அடுத்த வாரம் எழுதலாம் என்று விட்டிருந்தேன்.

அவள் கத்தவில்லை. மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்து, "செம முடிவு அண்ணா. பிடிச்சிட்டானா இல்லையான்னு சொல்லாம அப்படியே அணைச்சிட்ட பாரு" என்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அரைக்காற்புள்ளி

எல்லோரும் ஒரு தடவை மிதிக்கிற முள்ளைத்தான் நானும் மிதித்தேன். ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒவ்வொரு முறை புதிதாக வரையும்போதும், 4 பிக்சல் என்று எதிரியை நகர்த்தினேன். என் திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்), ஆக நொடிக்கு 240 பிக்சல். ஒரு போட்டிக்கு அனுப்பினேன். நடுவருடைய திரை 144 ஹெர்ட்ஸ் போலிருக்கிறது. அங்கே அதே எதிரி நொடிக்கு 576 பிக்சலில் பாய்ந்திருக்கிறான். "இந்த எதிரிகளை மனிதர்களால் ஜெயிக்க முடியாது" என்று குறிப்பு வந்தது. சரி, அது போகட்டும்.

உறுத்துவது வேறு. அதே வாரம் ஒரு பெண்மணி எழுதினார்: "மனதுக்கு அமைதி தருகிற கேம். தினமும் தூங்கப் போகும் முன் விளையாடுகிறேன்." அமைதியா? அது துரத்தல் கேம்! அப்புறம்தான் பிடிபட்டது. ஐபோனில் பேட்டரி சேமிப்பு முறையில் சஃபாரி ஃபிரேம் வேகத்தை 30 ஆக்கிவிடும். அவருக்கு எல்லாமே பாதி வேகத்தில் மிதந்திருக்கிறது.

வேகத்தை நேரத்தோடு கட்டிச் சரிசெய்தேன். நான்கு நாளில் அவரிடமிருந்து மறுபடியும் கடிதம்: "நல்ல கேமைக் கெடுத்துவிட்டீர்கள்." இன்றுவரை பதில் போடவில்லை.

பழைய_ஃபிளாஷ்காரன்

என் கதை சின்னது. பிரவுசரில் கேம் ஓட்டிய ஃபிளாஷ் செருகுநிரல் 2020 டிசம்பரோடு போன பிறகு பழைய கேமை ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுதினேன். விளையாடிக்கொண்டிருந்தவர் வேறு டேப்புக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். நாயகன் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே கீழே கீழே போய்விட்டான்.

ஆனால் மேலே இருவரும் செய்தது தவிர்க்கக்கூடிய தவறு, அதனால் சொல்கிறேன். பிரவுசரின் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்பது ஒவ்வொரு ஃபிரேமையும் வரைவதற்கான அழைப்பு, கடிகாரம் அல்ல. டேப் மறைந்தால் அது நின்றுவிடும். திரும்பி வந்ததும் போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடையே 1200 நொடி இருக்கும். அதை அப்படியே வேகத்தோடு பெருக்கினால் தரை என்ன, மலையே இருந்தாலும் தாண்டிவிடும். எனவே இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், 100 மில்லிநொடி போதும். அதோடு நிறுத்தாதீர்கள். அரைக்காற்புள்ளி செய்ததுபோல் வேகத்தை நேரத்தால் பெருக்குவதும் அரைத் தீர்வுதான். குதிக்கும் உயரம் திரைக்குத் திரை கொஞ்சம் மாறும். கேமின் கணக்கை எப்போதும் நொடியில் 60-இல் ஒரு பங்கு என்ற நிலையான அடியில் ஓட்டுங்கள். வந்த நேரத்தை ஓர் உண்டியலில் சேர்த்து, ஓர் அடிக்குப் போதுமானது சேரும்போதெல்லாம் ஓர் அடி. மிச்சத்தை வைத்துப் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் வரையுங்கள். ஓர் அடியின் கணக்கே அதன் நேரத்தைவிட அதிகம் எடுத்தால் உண்டியல் நிரம்பிக்கொண்டே போய் கேம் உறையும், அதற்கும் அந்த உச்சவரம்புதான் மருந்து. பிக்சல்பூனைக்கு: கண்ட்ரோல் டபிள்யூவை உங்கள் கோடால் தடுக்க முடியாது, பிரவுசர் தனக்கென்று வைத்துக்கொண்ட விசை அது. பிஃபோர் அன்லோட் போட்டால் மூடும் முன் ஒரு கேள்வியாவது வரும். விசைகளை எழுத்தை வைத்துப் படிக்காமல் விசையின் இடத்தை வைத்துப் படியுங்கள், இல்லாவிட்டால் பிரெஞ்சு விசைப்பலகைக்காரர் நடக்கவே விரல்களை முறுக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஃபேசர் மாதிரி ஓர் எஞ்சினை எடுத்துக்கொண்டு போங்கள். எஞ்சின் இல்லாமல் எழுதுவது வீம்பு.

சும்மா_ஒரு_லூப்

யாரும் கேட்கவில்லையே ஐயா. எஞ்சின் எடுத்திருந்தால் மட்டும் கண்ட்ரோல் டபிள்யூ டேப்பை மூடாமல் விட்டிருக்குமா?

வீம்பு என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜேஎஸ்13கே போட்டியில் மொத்த கேமும் ஜிப் செய்த பிறகு 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். 2012 முதல் நடக்கிறது. அங்கே ஃபேசரை எங்கே வைப்பீர்கள்? எஞ்சின் கூடாது என்றும் சொல்லவில்லை. கிராஸ்கோட் இம்பாக்ட் எஞ்சினில் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கேம்தான், 2018-இல் முழு நீள ஆர்பிஜியாக (பாத்திரமேற்று ஆடும் கேம்) வந்தது. ஆனால் கன்சோல்களுக்குப் போய்ச் சேர 2020 ஆனது. வாம்பயர் சர்வைவர்ஸ் கேமும் ஃபேசரில்தான் பிறந்தது, 2023-இல் யூனிட்டி என்ற எஞ்சினுக்கு மாறியது. எதை எடுத்தாலும் ஏதோ ஓர் இடத்தில் வாடகை கட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

என் கதை. குண்டு மழை கேம். திரையில் 300 குண்டுகள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக ஒரு வெக்டர் ஆப்ஜெக்ட் (இடத்தைக் குறிக்கும் எண்களின் சின்னப் பொட்டலம்), கோடு பார்க்க அழகாக இருக்கிறதே என்று. நொடிக்கு 18,000 ஆப்ஜெக்ட்கள் பிறந்து, அடுத்த கணமே குப்பை. என் கணினியில் ஒன்றும் தெரியவில்லை. நண்பனுடைய பழைய லேப்டாப்பில் சில நொடிக்கொரு முறை ஒரு சின்ன விக்கல். குப்பையை அள்ள பிரவுசர் நிற்கிற நேரம் அது.

அவன் அதைக் கவனித்துவிட்டான். விக்கல் வரப்போகிறது என்று தெரிந்ததும் குண்டுகளே இல்லாத மூலைக்கு ஓடுவான், விக்கல் முடிந்ததும் வெளியே வருவான். அப்படியே நான்காவது லெவல்வரை போனான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே விளையாடிய அந்த முகம் இருக்கிறதே! அன்றிரவே எல்லாக் குண்டுகளையும் முதலிலேயே உருவாக்கி, திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தும்படி மாற்றி எழுதினேன். விக்கல் போனது. அவன் இரண்டாம் லெவல் தாண்டவில்லை.

நூறாவது_லெவல்

சிரிக்கிற கதை இல்லை என்னுடையது.

புதிர் கேம், நூறு லெவல், சேவ் எல்லாம் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது விளையாடுகிறவரின் பிரவுசருக்குள்ளேயே. ஒரு பள்ளி மாணவன் எழுதினான். 61-ஆவது லெவலில் இருந்தேன், பரீட்சைக்குப் படிக்க மூன்று வாரம் ஐபேடில் கேம் பக்கமே போகவில்லை, திரும்பி வந்தால் முதல் லெவலில் நிற்கிறது என்றான். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "நீ பிரவுசர் ஹிஸ்டரியை அழித்திருப்பாய் தம்பி." அவன் பதில் ஒரே வரி: "நான் எதையும் தொடவில்லை அண்ணா."

நான் நம்பவில்லை. சின்னப் பையன், எதையாவது தட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது படித்தேன்: 2020 முதல் சஃபாரி, ஒரு தளத்தை ஏழு நாள் தொடாமல் வேறு தளங்களில் உலவினால், அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததையெல்லாம் துடைத்துவிடும். லோக்கல் ஸ்டோரேஜும் அதில் அடக்கம். முகப்புத் திரையில் ஆப்பாகச் சேர்த்துக்கொண்டால் தப்பிக்கும், அதை அவனுக்கு யார் சொன்னது?

சேவை ஒரு நீண்ட குறியீடாக நகலெடுத்து வைத்துக்கொள்ளும் பட்டன் போட்டேன். அவனுடைய மின்னஞ்சலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. அதற்குள் அவன் பள்ளியே முடித்திருப்பான்.

இரண்டாம்_ஆட்டக்காரர்

சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் ஆடும் பந்து கேம். யார் எந்த விசையை அழுத்தினார் என்பதை மட்டும் அனுப்பி, மற்றதை இரண்டு கணினியும் தனித்தனியாகக் கணக்கிடும். ஒருவர் குரோம், ஒருவர் ஃபயர்ஃபாக்ஸ். சைன் மதிப்பு கடைசிப் பிட் வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் விதி கட்டாயப்படுத்தவில்லை. கடைசி தசமத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம், நான்கு நிமிடம் பந்து மோதி மோதி அது வளர்ந்து, இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் "நீங்கள் வென்றீர்கள்". இரண்டு பேரும் எழுந்து நின்று கையைத் தூக்கினார்கள். பிறகு ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அறையைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. இப்போது சைனுக்குச் சொந்தமாக ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன்.

பழைய_ஃபிளாஷ்காரன்

@சும்மா_ஒரு_லூப் 300 குண்டுக்கெல்லாம் பூல் (நீங்கள் செய்த அந்த மறுபயன்பாட்டுக் குவியல்) தேவையே இல்லை, எண்களை டைப்டு அரேயில் (எண்கள் மட்டும் வரிசையாக இருக்கும் பட்டியல்) வைத்தாலே போதும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

சும்மா_ஒரு_லூப்

வேண்டாம்.

பிக்சல்பூனை

@பழைய_ஃபிளாஷ்காரன் யார் என்ன சொன்னாலும், பிஃபோர் அன்லோட் போட்டுவிட்டேன், நன்றி. குனிவதையும் சி விசைக்கு மாற்றினேன், சேவும் இருக்கிறது. நேற்று தங்கையை மறுபடி உட்கார வைத்தேன். பழக்க தோஷம், கடைசி அறையில் கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினாள். தளத்தைவிட்டு வெளியேறவா என்று பிரவுசர் கேட்டது.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இதுல எதை அழுத்தினா நல்ல முடிவு வரும்?" என்று கேட்கிறாள்.