பழத்தில் ‘சாராயம்’: சார்பிட்டால் வகைக்கு ஒரு கலைச்சொல் வேண்டும் (அவசரம்)

ந., சிங்கப்பூர்:
அவையோர்க்கு வணக்கம். நீரிழிவு உள்ள முதியோருக்காக ஆசியப் பேரி பற்றிய துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்கே கடைகளில் வெள்ளை நுரைவலை மாட்டி அடுக்கியிருக்கும் உருண்டைப் பேரிதான். ஜப்பானியர் நாஷி என்பர். நூறு கிராமுக்கு 42 கலோரி, 3.6 கிராம் நார்ச்சத்து, 121 மில்லிகிராம் பொட்டாசியம், மீதி பெரும்பாலும் நீர். இவை தடையின்றி வந்துவிட்டன. சிக்கல் சார்பிட்டாலில், அதாவது பேரியில் இயல்பாகவே உள்ள ஓர் இனிப்புப் பொருளில். அது எந்த வகை என்பதற்கு, ஆங்கிலத்தின் sugar alcohol என்பதை அப்படியே ‘சர்க்கரை ஆல்கஹால்’ என்று எழுதி மாமியாரிடம் படித்துக்காட்டினேன். “சர்க்கரையும் தொடாதே, சாராயமும் தொடாதே என்கிறார் டாக்டர். இரண்டும் சேர்ந்த பழத்தையா தின்னச் சொல்கிறாய்?” என்று தட்டைத் தள்ளிவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

கு., தஞ்சாவூர்:
‘சர்க்கரை’யே தமிழன்று. சகரம் அகரத்தோடு மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியம். ‘ஆல்கஹால்’ அரபு வழி வந்தது. கண்ணுக்குத் தீட்டும் மைத்தூளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். ஆக நீங்கள் மாமியாருக்குக் கொடுத்தது இனிப்பு அஞ்சனம்! ஆல்கஹாலுக்கு வெறியம் என்ற சொல் வேதியியலில் ஏற்கெனவே உண்டு. ‘இன்வெறியம்’ என்க. பண்புத்தொகை, குறையொன்றுமில்லை.

செ., கோவை:
ஐயா, அந்தத் தடையை நன்னூலே விலக்கிவிட்டது. சட்டியையும் சண்டையையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ‘வெறியம்’ என்று அச்சிட்டால் அந்த அம்மையார் பழத்தோடு அறிக்கையையும் வீசிவிடுவார். வகுப்பில் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

த., யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூல் மரபில் இந்தக் குழப்பம் இல்லை. வேதியியற் சேர்மம் அற்ககோல். குடிக்கிற விஷயம் மதுசாரம். ‘வெல்ல அற்ககோல்’ என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் போத்தலை நினைக்க மாட்டார்கள்.

செ., கோவை:
எங்கள் பக்கத்தில் வெல்லம் என்றால் பொங்கலுக்கு இடிக்கிற வெல்லம்.

த., யாழ்ப்பாணம்:
அப்படியானால் சீனி என்று வையுங்கள். சிங்கப்பூரிலும் சீனிதானே? சீனத்திலிருந்து வந்ததால் சீனி. பழமும் அங்கிருந்து வந்ததுதான், பொருத்தம்.

ம., உதகை:
பெயருக்கு முன் பொருளைப் பாருங்கள். பேரி மரத்தின் இலை சார்பிட்டாலை ஆக்கிக் கனிக்கு அனுப்புகிறது. கனி அதில் பெரும்பகுதியை ஃபிரக்டோஸ் ஆக்கிக்கொள்கிறது. மிஞ்சியதைத்தான் நாம் தின்கிறோம். சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சாது. அது நீரை இழுத்துக்கொண்டு கீழே போகும். மலச்சிக்கலுக்குப் பேரி நல்லது என்பதில் நார்ச்சத்தோடு இதற்கும் பங்குண்டு. குடல் நொய்ந்தவர்களுக்கு வயிறு உப்புவதும் இதனால்தான். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி தரும்; இது ஏறத்தாழ 2.6. இனிப்பும் சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல். என் பரிந்துரை ‘சீனிப்போலி’.

ஒரு கொசுறு: நம் மலையில் விளையும் கீஃபர் பேரியும் பாதி ஆசியப் பேரிதான், கலப்பினம்.

செ., கோவை:
போலி மருந்து, போலி டாக்டர், இப்போது போலிச் சீனியா?

கு., தஞ்சாவூர்:
மஞ்சு, மைஞ்சு என்பதை முதற்போலி என்கிறோம்; யார் வழக்குப் போட்டார்கள்? ஆனால் என் மறுப்பு வேறு. போலி என்றால் ஒன்றின் இடத்தில் நிற்பது. பேரியில் இது எதன் இடத்திலும் நிற்கவில்லை, மரமே ஆக்கியது. மிட்டாயில் கொட்டும்போதுதான் போலி. சார்பிட்டாலை 1872இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசன்கோ முதலில் கண்டதே சார்பஸ் மரத்தின் பழத்தில். பெயரும் அம்மரத்தால் வந்தது. மரப்பெயர் தெரியாமல் ‘சார்பு இட்டால்’ என்று பிரித்துப் படிக்கப்போகிறார்கள்.

ந., சிங்கப்பூர்:
ஐயா, நாளை மறுநாள் அச்சு. இப்படி எழுதிவிட்டேன்: “இப்பழத்தில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் உண்டு. குடல் இதை முழுதாக உறிஞ்சாது. இதில் போதை இல்லை. பழத்தின் மற்ற சர்க்கரைகள் இரத்தத்தில் சேரும். ஆகவே அளவோடு, சாறாக்காமல், கடித்துத் தின்னுங்கள்.” வகைப்பெயரையே விட்டுவிட்டேன்.

செ., கோவை:
சரி.

ம., உதகை:
எனக்கும் சம்மதம். ‘போதை இல்லை’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

த., யாழ்ப்பாணம்:
ஒப்புக்கொள்கிறேன், எங்கள் வழக்கப்படி சோபிற்றோல் என்று எழுதக்கூடாதா என்ற ஏக்கத்தோடு.

கு., தஞ்சாவூர்:
விளக்கம் சொல்லாகாது. நாளை இதே வகையில் மானிட்டால் வரும், அடுத்து சைலிட்டால் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருப்பீர்களா? அச்சுக்கூடம் பொறுக்காது என்பதால் இம்முறை தடுக்கவில்லை. இன்வெறியத்தை நான் திரும்பப் பெறவும் இல்லை.